நுரையீரல் புற்றுநோய்: மாத்திரை மட்டும் போதுமா, கூட இன்னொன்றும் வேண்டுமா?

ஒரு கட்டி என்றால் அதிலுள்ள செல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பிரிட்டனில் சார்லஸ் ஸ்வான்டன் தலைமையில் நடக்கும் டிரேசர்எக்ஸ் ஆய்வில், நுரையீரல் கட்டிகளைப் பல இடங்களில் வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். முதல் 100 பேரின் முடிவு 2017-ல் வந்தது: கட்டியின் ஒரு மூலையில் இருக்கும் மரபணு மாற்றம் மறு மூலையில் இல்லாமலும் போகலாம். இது தெரிந்தபிறகு ஒற்றை மருந்து ஏன் ஒருநாள் கைவிடுகிறது என்று கேட்கவே தோன்றாது.

இங்கே பேசுவது ஈஜிஎஃப்ஆர் என்ற, செல்லை வளரச்சொல்லும் மரபணுவில் மாற்றம் வந்து, உடலில் பரவிவிட்ட வகையை மட்டும். சிகரெட்டே தொடாதவர்களுக்கும் வருவது இது.

அந்த மாற்றத்தைக் குறிவைத்து அடிக்கும் மருந்து ஓசிமெர்டினிப். தினம் ஒரே ஒரு 80 மி.கி. மாத்திரை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம், பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் பெருங்கூட்டம் சாகும்போது ஓரமாக நின்ற சில செல்கள் தப்பிவிடுகின்றன. சில சி797எஸ் என்ற புது மாற்றத்தால், சில வளர மாற்றுவழி தரும் மெட் மரபணுவைப் பெருக்கிக்கொண்டு, சில ஆளே மாறி ஸ்மால் செல் என்ற வேறு வகை நுரையீரல் புற்றுநோயாகி.

கூடவே கீமோ (பெமெட்ரெக்ஸெட், பிளாட்டினம்) சேர்த்தால்? கீமோவுக்கு எந்த மாற்றம் என்ற கவலை இல்லை, வேகமாகப் பெருகும் செல் என்றால் அடி. ஃப்ளாரா2 ஆய்வில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம் (மீடியன்) 37.6 மாதத்திலிருந்து 47.5 மாதமாக ஏறியது. சும்மா இல்லை, கடுமையான பக்கவிளைவு 27 சதவீதத்திலிருந்து 64 ஆனது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப், முன்கூட்டியே ஃபோலிக் ஆசிட் மாத்திரை, பி12 ஊசி, ரத்த அணுக்கள் குறைகிறதா என்ற பயம், எல்லாம் சேர்த்துத்தான்.

அமிவன்டமாப் (டிரிப்), லேசெர்டினிப் (மாத்திரை) ஜோடி வேறு ரகம்: செல்கள் மெட் வழியாகத் தப்பும் என்று தெரிந்து அந்தக் கதவை முதலிலேயே சாத்துகிறது. மாரிபோசா ஆய்வில் மூன்றாம் ஆண்டு முடிவில் 60 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், ஓசிமெர்டினிப் மட்டும் எடுத்தவர்களில் 51. ஆனால் முதல் டிரிப்பை இரண்டு நாளாகப் பிரித்து ஏற்றுகிறார்கள், அப்படியும் பத்தில் ஆறு பேருக்கு ஒவ்வாமை மாதிரி எதிர்விளைவு, மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல், நகச்சுற்று வேறு. இந்த இரண்டு ஆய்வுகளும் மோதியது ஓசிமெர்டினிபோடு, ஒன்றோடொன்று அல்ல. அதனால் எது பெரிது என்று எண்களை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

என் கட்சி கீமோ பக்கம். பழைய, மலிவான மருந்துகள், எந்த ஊர் டாக்டருக்கும் கைவந்தவை. மும்பை டாடா மெமோரியலில் 350 பேரிடம் பழைய ஜெஃபிடினிபோடு இதே கீமோவைச் சேர்த்தபோதே, நோய் வளராமல் நின்ற காலம் 8 மாதத்திலிருந்து 16 ஆனது. ஓசிமெர்டினிப் கட்டுப்படியாகாத வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. எண்பது வயதில் தளர்ந்துபோனவருக்கு என்றால் நானும் மாத்திரை மட்டும் என்றுதான் சொல்வேன், கடைசியில் டாக்டர் சொல்வதுதான்.

அப்புறம் ஒன்று, எந்த வழியில் போனாலும் கட்டி மறுபடி வளரும்போது ரத்தப் பரிசோதனையோடு நிற்காமல் முடிந்தால் திரும்பவும் பயாப்ஸி கேளுங்கள். ஸ்மால் செல்லாக மாறியதை ரத்தத்தை வைத்து மட்டும் உறுதிசெய்ய முடியாது, அதற்கு வேறு கீமோ.