டொல்பின் வேனும் நிற்காத ஒயில் லீக்கும்

எங்களிடம் நிற்பது டொயோட்டா ஹைஏஸ், ஊரில் எல்லோரும் டொல்பின் என்று சொல்லும் எல்எச் 113. 3எல் டீசல் எஞ்சின், 2779 சிசி, டர்போ இல்லை. வீடு மட்டக்களப்புக் கல்லடியில். வேன் பாதி நாள் கடைச் சாமான் ஏற்றும், மீதி நாள் ஹயர் ஓடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு பழைய வேன்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025இல் திரும்பத் திறந்துவிட்டார்கள், ஆனால் புதிதாக வந்தவற்றின் விலையைக் கேட்டதும் இருப்பதையே பார்த்துக்கொள்வோம் என்று ஆகிவிட்டது.

இத்தனை வருடப் பாவனையில் எஞ்சின் என்னை வழியில் விட்டதில்லை. சாவி திருப்பினால் பிடிக்கும், ஏசி போட்டாலும் இழுக்கும். ஒரே தொல்லை ஒயில் லீக். காலையில் வேனை எடுத்தால் எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்கிற இடத்துக்கு நேர்கீழே நிலத்தில் கறுப்பாக ஒரு வட்டம். ஒரு சேர்விஸுக்கும் அடுத்த சேர்விஸுக்கும் இடையில் ஒரு லீற்றருக்கு மேல் ஊற்ற வேண்டியிருந்தது.

அந்த இடத்தில் சொட்டினால் எந்த கராஜிலும் முதலில் வருகிற பதில் "கிராங்க் பின் சீல்" என்பதுதான், அதாவது கிராங்க் தண்டின் பின்பக்கத்தில் ஒயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம். கியர் பொக்ஸை இறக்க வேண்டும், கூலி அதிகம், இறக்கியதோடு கிளச் பிளேட்டையும் மாற்றிவிடலாம் என்பார்கள். ஒரு கராஜில் அப்படியே செய்தார்கள். கொஞ்ச நாள் நிலம் காய்ந்திருந்தது, அப்புறம் பழையபடி. இன்னொரு இடத்தில் எஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்குகிற சம்பைக் கழற்றி சிலிக்கன் பூசிப் பூட்டினார்கள். கடல் காற்றில் சம்ப் தகரம் துருப்பிடித்து ஊசித் துளை விழுவது எங்கள் பக்கத்தில் நடக்கிற விஷயம்தான், ஆனால் எங்கள் சம்பில் அப்படி எதுவும் இல்லை. லீக்கும் நிற்கவில்லை.

டைமிங் பெல்ட் மாற்றும்போது முன்பக்க கிராங்க் சீலையும் கேம் சீலையும் போட்டேன். அந்தச் செலவில் எனக்கு வருத்தம் இல்லை. 3எல் எஞ்சினில் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், டாஷ்போர்ட்டில் டி-பெல்ட் லைட் எரிவது அதற்குத்தான். முன் சீல் கசிந்து ஒயில் பெல்ட்டில் பட்டால் பெல்ட் நாள் முடியும் முன்பே அறுந்துபோகும், அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபட்டு வளையும். ஆனபடியால் பெல்ட் கவர் கழன்ற நேரத்தில் சீல்களை மாற்றாமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லீக் மட்டும் அப்படியே இருந்தது.

ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கல்முனை, களுவாஞ்சிகுடி என்று கடற்கரை ரோட்டில் எவ்வளவு ஓடினாலும் சொட்டு கொஞ்சம்தான். செங்கலடியால் திரும்பி மகாஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் ஏறி பதுளைக்குப் போய் வந்தால் அடிப்பக்கம் முழுக்க ஒயிலில் குளித்திருக்கும். எஞ்சின் பாரம் இழுக்கும்போதுதான் கூடுதலாகத் தள்ளுகிறது. இதை எந்த கராஜில் சொன்னாலும் "ஏற்றத்தில சூடு கூட, அதுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

ஆரையம்பதியில் வயதான மெக்கானிக் ஒருவர்தான் இதைக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு வேனுக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. "கழுவாத எஞ்சின்ல நான் கை வைக்கமாட்டன் மனே. கழுவிக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். சேர்விஸ் நிலையத்தில் பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற ஒல்டனேட்டரை பொலித்தீனால் கட்டிவிட்டு, டிகிரீசர் அடித்துக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தோம். அவர் முன் சீற்றைத் தூக்கி, பிளொக்கின் பக்கங்கள், எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்கிற பெல் ஹவுசிங், சம்ப் விளிம்பு எல்லா இடத்திலும் சாதாரண முகப் பவுடரைத் தூவினார். "களுவாஞ்சிகுடிக்குப் போய் வா, நல்லா மிதிச்சு ஓடு."

திரும்பி வந்து டோர்ச் அடித்தபோது கதை வெளித்துவிட்டது. பின் சீல் பக்கமும் சம்ப் விளிம்பும் மேற்பகுதியில் வெள்ளையாகவே இருந்தன. பிளொக்கின் பக்கவாட்டில் ஒரு ஈரக் கோடு, மேலே ஒல்டனேட்டரின் பின்புறத்தில் தொடங்கி, கீழே இறங்க இறங்க அகன்று பின்னோக்கிச் சாய்ந்திருந்தது. முன்னால் சுற்றுகிற ஃபேனின் காற்றும் ஓட்டத்தில் வருகிற காற்றும் ஒயிலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போய் பெல் ஹவுசிங்கில் சேர்த்திருக்கின்றன. அங்கேயிருந்துதான் நிலத்துக்குச் சொட்டியது.

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்று உள்ளே போகிற இன்டேக்கில் வெகியூம், அதாவது வெற்றிடம், கிடைக்காது. பிரேக் பூஸ்டருக்குத் தேவையான வெகியூமுக்குத் தனி பம்ப் வேண்டும். இந்த எஞ்சினில் அது ஒல்டனேட்டரின் முதுகில் பூட்டியிருக்கிறது. அது வேலை செய்ய எஞ்சின் ஒயில் ஒரு மெல்லிய குழாயால் உள்ளே போகும், தடித்த ரப்பர் ஹோஸ் வழியாக எஞ்சினுக்கே திரும்பும். எங்கள் வேனில் அந்தத் திரும்புகிற ஹோஸை யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், தண்ணீருக்குப் போடுகிற ஹோஸால். ஒயில் பட்டு அது ஊறிய அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. கிளிப் இறுக்கிய இடத்துக்குக் கீழே, கையால் மடித்தால் மட்டும் வாய் திறக்கிற ஒரு வெடிப்பு. மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஒயில் தாங்குகிற ஹோஸ் வாங்கிப் போட்டோம், பம்பின் ஓ-ரிங்கையும் மாற்றினோம். அதற்குப் போன காசு, கியர் பொக்ஸ் இறக்கிய கூலியில் ஒரு மூலைக்கும் வராது.

ஆனால் மலை ஏற்றத்தில் ஏன் கூடுதலாகத் தள்ளியது என்பதற்கு ஹோஸ் மட்டும் பதில் இல்லை. பிஸ்டன் ரிங் தாண்டிக் கீழே இறங்குகிற வாயு, எஞ்சினின் மேல் மூடியான டெபட் கவரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் பிரீதர் குழாயால் வெளியேற வேண்டும். அந்தக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கறுப்புக் களி. வழி அடைபட்டால் எஞ்சினின் அடிக்கூடான கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஒயிலைத் தள்ளும். பாரம் கூடக் கூட அந்த வாயுவும் கூடும். அதனால்தான் லுணுகலை ஏற்றத்தில் அந்தக் குளியல். அந்தக் குழாயை மெக்கானிக் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துப்பரவாக்கினார். பிறகு எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, ஒயில் மூடியைத் திருப்பாமல் துவாரத்தின் மேல் கவிழ்த்து வைத்தார். மூடி லேசாக நடுங்கியதே தவிர எழும்பித் துள்ளவில்லை. துள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது, அப்போது எந்த சீல் போட்டும் பிரயோசனம் இல்லை என்றார்.

இதற்கு முன்னால் லீக் நிறுத்தும் மருந்து என்று போத்தலில் விற்பதையும் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். காய்ந்து சுருங்கிய ரப்பர் சீலைக் கொஞ்சம் ஊதவைக்கிற சாமான் அது. வெடித்த ஹோஸை அது என்ன செய்யும்? தடித்த 20டபிள்யூ-50 ஒயில் போடச் சொன்னவர்களும் உண்டு. நான் 15டபிள்யூ-40ஐ விட்டு மாறவில்லை.

இதே டொல்பின் வைத்திருப்பவர்கள் வெகியூம் பம்ப் பக்கம் ஈரம் கண்டால் தள்ளிப்போட வேண்டாம். பம்புக்கும் ஒல்டனேட்டருக்கும் இடையிலுள்ள சீல் போனால் ஒயில் ஒல்டனேட்டருக்குள் இறங்கி, கார்பன் பிரஷ் நனைந்து, பற்றரி சார்ஜ் ஆகாமல் போகும். பம்புக்கு ஒயில் போதாவிட்டால் பிரேக் பெடல் கல்லாகும். பெல் ஹவுசிங்கில் சொட்டுவது எந்த ஒயில் என்றும் முதலில் விரலில் தொட்டுப் பாருங்கள். டீசல் எஞ்சின் ஒயில் கறுப்பு. கியர் ஒயில் நிறம் வெளிறியது, கந்தக வாடை அடிக்கும். அப்படியென்றால் தேட வேண்டியது கியர் பொக்ஸின் முன் சீலை.

இப்போது பதுளை போய் வந்தாலும் அடிப்பக்கம் காய்ந்தே இருக்கிறது. டெபட் கவரின் பின் மூலையில் மட்டும் ஒரு வியர்வை, ரப்பர் பெக்கிங் இறுகிவிட்டது. ஒரிஜினல் பெக்கிங் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த சேர்விஸில் போட வேண்டும்.