ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு சாயாக்கடை

முதலில் சாயாவைச் சொல்லிவிடுகிறேன், சுமார்தான். "சீனி கம்மியா" என்று எத்தனை தடவை சொன்னாலும் ஒரு கரண்டி கூடத்தான் விழும். ரசவடை காலையில் நன்றாக இருக்கும், பத்து மணிக்கு மேல் ஊறி உதிர்ந்துபோகும். பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், சுவரை ஒட்டி உட்காருங்கள். பெயர்ப்பலகை கிடையாது.

பிறகு ஏன் ஐந்து நட்சத்திரம் என்றால், வெந்நீருக்கு.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து இங்கே மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கூட நின்று பழகியவர்களுக்குத் தெரியும், விடிகாலை நாலரை மணிக்கு நோயாளி கேட்பது ஒரு தம்ளர் வெந்நீர், அந்த நேரத்தில் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? இந்தக் கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். முதல் நாள் நான் ஃபிளாஸ்க்கோடு பத்து ரூபாயையும் நீட்டினேன். கடைக்கார அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெந்நிக்கு எந்த ஊர்ல மக்ளே பைசா வாங்குவாவ?" குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. அப்புறம் நான் ரூபாயை எடுக்கவே இல்லை, கூச்சத்துக்கு ஒரு சாயா குடித்துவிடுவேன், அந்தச் சீனியோடு.

குலசேகரம், அருமனை, குளச்சல், கொல்லங்கோடு என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் எல்லா மூலையிலிருந்தும் இங்கே ஆள் வருகிறது. திடீரென்று சேர்க்கச் சொன்னால் கையில் ஒரு பையும் செருப்புமாக நிற்பார்கள். பையைக் கடைத் திண்டில் வைத்துவிட்டு வார்டுக்கு ஓடலாம், "பாத்துக்கிடுங்க" என்று சொல்லக்கூட வேண்டாம். நம் ஊர்ப் பழைய ரோட்டோரங்களில் இன்னும் அங்கங்கே சுமைதாங்கிக் கல் நிற்கிறதே, சூலியாய் இறந்த பெண்ணை நினைத்து வைத்தது என்று பாட்டி சொல்வாளே, அந்தத் திண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்தான் ஞாபகம் வரும்.

சாப்பாட்டில் நான் தைரியமாகச் சொல்வது சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, காணத்துவையல் (கொள்ளுத் துவையல்). மத்தியானம் ஒரு மணிக்குள் தீர்ந்துவிடும். மட்டி வாழைக்குலை ஒன்று எப்போதும் தொங்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே மட்டிதான், ஆனால் இங்கே அது அழுகிற பிள்ளைக்கு. நம் பக்கம் கைக்குழந்தைக்குக்கூட மசித்துக் கொடுக்கிற பழம் இல்லையா? யார் பிள்ளை என்றெல்லாம் பார்க்காமல் அக்கா ஒன்றைப் பிய்த்து நீட்டிவிடுவார், தாய் பர்ஸைத் திறப்பதற்குள் அடுத்த ஆளுக்கு வடை எடுக்கப் போயிருப்பார்.

குறை ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். கடைச் சுவரில் அட்டையில் பஸ் நேரம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பி ராத்திரி கடைசி பஸ்ஸை விட்டேன். கேட்டால், "அதுக்க டைம் மாறி ரெண்டு மாசமாச்சே" என்கிறார். மாறியது தெரிந்தால் அட்டையைத் திருத்த வேண்டாமா? அன்றைக்கு அக்காவின் மகன்தான் முணுமுணுத்துக்கொண்டே பைக்கில் கூட்டிப் போய் வடசேரி பஸ் ஸ்டாண்டில் விட்டான். வழியில் இன்னொரு வீட்டில் நிறுத்தி மருந்துப் பொட்டலம் கொடுத்துவிட்டு வந்தான். அதுவும் கடைக்கு வந்த யாரோ விட்டுப் போனதாம். வீட்டுக்கு வந்த பிறகும் அட்டையில் இருந்த அந்த நேரம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மறுநாளும் அப்படியே இருந்தது, பேனா எடுத்து நானே அடித்துத் திருத்தினேன்.

மழை பற்றி. மற்ற பல மாவட்டக்காரர்களுக்கு ஐப்பசியில்தான் பெருமழை, நமக்கு ஆனி ஆடியிலும் ஊற்றும். அதனால் கடை ஆணியில் வருஷத்தில் பாதி நாள் நாலைந்து குடை தொங்கும், எல்லாம் யாரோ மறந்துவிட்டுப் போனவை. கேட்டு எடுக்க வேண்டியதில்லை, திரும்ப வரும்போது மாட்டினால் போதும்.

ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது. ஃபிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு போங்கள், அழுக்கு ஃபிளாஸ்க்கைப் பார்த்தால் அக்கா திட்டுவார். கம்பி வளைந்த நீலக் குடையைத் தேடுகிறவர்களுக்கு: அது என் வீட்டில் இருக்கிறது, அம்மாவை டிஸ்சார்ஜ் செய்த அன்று எடுத்தது, அடுத்த செக்கப்புக்கு வரும்போது மாட்டிவிடுகிறேன்.