ஆழ்கடல் கோபிபாடில் புதிய இனம்: ஊசியால் பிரிப்பதா, கான்ஃபோகலில் படமெடுப்பதா?

ஆழ்கடல் சேற்றில் வாழும் ஹார்பாக்டிகாய்டு கோபிபாட்கள் (இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த நுண்ணிய உயிரிகள்) பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் சிறியவை. புதிய இனம் என்று நிறுவ, நீந்துகால்கள் ஒவ்வொன்றிலும் உள்ள முட்களை எண்ண வேண்டும். வாயுறுப்புகளையும் வரைய வேண்டும்.

ஊசி வழியில், லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்து உடல் தெளிந்தபின் டங்ஸ்டன் ஊசியால் உறுப்புகளைக் கழற்றி, ஸ்லைடில் ஏற்றி, 100 மடங்கு எண்ணெய் லென்ஸில் கேமரா லூசிடாவால் (நுண்ணோக்கியில் தெரிவதைத் தாளின்மேல் காட்டி வரைய உதவும் கருவி) வரைகிறோம். தாடைப் பற்களை இம்முறை மிகத் துல்லியமாகக் காட்டும். ஆனால் கழற்றியதைத் திரும்பச் சேர்க்க முடியாது. காலை ஒற்றையாக இழுத்தால் முள் ஒடியும். இரு கால்களையும் இணைக்கும் தகட்டோடு ஜோடியாகவே எடுங்கள். மேல்கண்ணாடி அழுத்தினால் உறுப்பு நசுங்கி, உண்மையில் இல்லாத அகலம் வரைபடத்தில் வந்துவிடும்.

கான்ஃபோகலுக்கு (சாயத்தை லேசரால் ஒளிரவைத்து அடுக்கடுக்காகப் படமெடுக்கும் நுண்ணோக்கி) காங்கோ ரெட், ஆசிட் ஃபுக்ஸின் சாயங்களில் ஒரு நாள் ஊறவைத்து, கழுவி, கிளிசரினில் ஏற்றினால் போதும். உடல் முழுதாகவே இருக்கும். சாயமேற்றும் முன் ஒட்டிய சேற்றை நீக்குங்கள். அதுவும் ஒளிர்ந்து முட்களை மறைக்கும். ஒன்றன்மேல் ஒன்று படிந்த வாயுறுப்புகள் இதில் குழம்பித் தெரியும், அதுதான் பெரிய குறை.

ஒரேயொரு உயிரிதான் கையில் உள்ளதா? கான்ஃபோகலை முதலில் செய்யுங்கள். பல இருந்தால், நல்ல பெண் உயிரியை ஹோலோடைப்பாக (இனப்பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) முழுதாக வைத்து, பாராடைப்பை (அதே விவரிப்பில் சேர்க்கும் மற்ற மாதிரி) பிரியுங்கள். 1999க்குப் பின் வெளியாகும் பெயர்களுக்கு ஹோலோடைப் எது, எந்தச் சேகரிப்பில் உள்ளது என்று கட்டுரையிலேயே எழுத வேண்டும்.