பினாங்குப் பரிமாற்றப் பருவத்தின் திருவிழாத் தொகுப்பு: பணம் கட்டலாமா?

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரியில் முடிந்த பருவத்தைப் பரிமாற்ற மாணவியாகப் படித்துவிட்டுக் கீழக்கரைக்குத் திரும்பியிருக்கிறேன். படிப்புக் கட்டணத்துக்கு வெளியே, தனியாகப் பணம் கட்டிச் சேரும் ஒரு திருவிழாத் தொகுப்பை அங்குள்ள அயல்நாட்டு மாணவர் அலுவலகம் வழங்குகிறது. ஏர்வாடி, மண்டபம், தொண்டிப் பக்கத்திலிருந்து அடுத்து விண்ணப்பிக்கவிருக்கும் மாணவர்கள் அதைப் பற்றியே அதிகம் கேட்பதால் இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பேருந்துப் பயணம், அரங்கில் ஒரு பண்பாட்டு இரவு, விழா நாட்களில் உள்ளூர்க் குடும்பங்களின் வீட்டு விருந்து ஆகியவை சேர்ந்ததே தொகுப்பு. பண்பாட்டு இரவில் மலாய், சீன, இந்திய நடனங்கள் அடுத்தடுத்து வந்து போயின. படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பேருந்துப் பயணத்தின் மீது எனக்கு வருத்தமே மிஞ்சியது. தைப்பூசத்தன்று எங்களைக் கோலாலம்பூர் அருகேயுள்ள பத்துமலைக்கு அழைத்துச் சென்றார்கள். 2006இல் திறக்கப்பட்ட, 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் 272 படிகளும் பார்க்க வேண்டியவைதாம். ஆனால் பினாங்கிலேயே தண்ணீர்மலையில் பெருவிழா நடக்கும்போது, தீவைவிட்டு வெளியேறிப் பல மணி நேரம் பயணம் செய்து, தாமதமாகப் போய்ச் சேர்ந்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்புவதற்கு என்ன காரணம் என்று அமைப்பாளர்களால் சொல்ல முடியவில்லை. முந்தைய நாள் ஜார்ஜ்டவுன் தெருக்களில் நகரத்தாரின் வெள்ளி ரதம் புறப்பட்டு வந்ததையும், அதன் வழியில் சீனர்களும் தேங்காய்களைக் குவித்துவைத்து உடைத்ததையும் நாங்கள் காசு செலவின்றி நடந்தே போய்ப் பார்த்தோம். ஏர்வாடிச் சந்தனக்கூட்டில் எல்லா மதத்தாரும் கூடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, சீனர் ஒருவர் முருகனுக்குத் தேங்காய் உடைப்பது பெரிய வியப்பாக இல்லை.

வியப்பு வீட்டு விருந்தில்தான் இருந்தது. தீபாவளியன்று என்னை ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ‘திறந்த இல்ல உபசரிப்பு’ என்று நடத்துகிறார்கள். அண்டை வீட்டு மலாய்க்காரர்களும் அலுவலகத்துச் சீன நண்பர்களும் நேரம் பார்க்காமல் வந்து, உட்கார்ந்து, சாப்பிட்டு, பிள்ளைகளுக்கான பண உறையை வாங்கிக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் பெருநாள் பிரியாணி தூக்குச் சட்டியில் பக்கத்து வீட்டுக்குப் போகும், பொங்கலன்று அந்தச் சட்டி சர்க்கரைப் பொங்கலோடு திரும்பி வரும். அங்கே பண்டம் வீடு மாறுவதில்லை, ஆட்களே வீடு மாறுகிறார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் கூடத்தில் அரை நாள் உட்கார்ந்திருந்ததில் கிடைத்த பேச்சு எந்தப் பேருந்திலும் கிடைக்கவில்லை.

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு இன்னும் சிறப்பு. கடலுக்குள் மரக்கால்கள் நட்டு அவற்றின் மேல் வீடு கட்டி வாழும் சியூ படகுத்துறைப் பகுதியில், ஹொக்கியன் மொழி பேசும் சீனக் குடும்பம் ஒன்றோடு இருந்தேன். பகைவருக்கு அஞ்சிக் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து தப்பிய தங்கள் முன்னோரின் நினைவாக, விண்ணரசர் என்னும் தெய்வத்துக்கான படையல் மேசையில் அவர்கள் முழுக் கரும்பைக் கட்டுகிறார்கள். பொங்கல் கரும்பு தெரிந்த நமக்கு அதைத் தூக்கிப் பிடிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. வேலையில் கை கொடுத்தேன், வழிபாட்டில் ஒதுங்கி நின்றேன், யாரும் வற்புறுத்தவில்லை. ஹலால் உணவு வேண்டும் என்று விண்ணப்பத்தில் முன்கூட்டியே குறிப்பிட்டிருந்ததால், எனக்கான சாப்பாட்டை ஹலால் கடையிலிருந்தே வாங்கி வைத்திருந்தார்கள். கீழக்கரைப் பெற்றோருக்கு இந்தச் செய்தி முக்கியம்.

சைவம் உண்பவர்களுக்கும் கவலை வேண்டாம். சீனர்களின் ஒன்பது பேரரசர் விழா பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டியே வருகிறது; அந்த ஒன்பது நாட்களும் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவெங்கும் இருக்கும். என்னோடு வந்த இராமேசுவரத்துத் தோழி அந்த நாட்களில் சாப்பாட்டுக்குச் சிரமப்படவே இல்லை.

குறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொகுப்பின் விளம்பரத்தாளில் நோன்புப் பெருநாள் விருந்தின் படம் பெரிதாக அச்சாகியிருந்தது. எங்கள் பருவத்தில் அந்தப் பெருநாள் வரவே இல்லை. ஆங்கில நாட்காட்டியில் அது ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், பருவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் தேதியைப் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பாகிவிடுகிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் சூலியா தெருவின் நாகூர் தர்காவும் எந்த மாதமும் திறந்திருக்கும். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வணிகக் கதைகளில் கேட்டறிந்த அந்த இடங்களுக்குத் தொகுப்பு தேவையில்லை, இலவசமாக நடந்தே போகலாம்.

முழுத் தொகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். வீட்டு விருந்தை மட்டும் தனியாகத் தருவீர்களா என்று அலுவலகத்தில் கேளுங்கள். விளம்பரத்தாளில் அது இல்லை, கேட்டவர்களுக்குத் தருகிறார்கள்.