புகையிலை வயது 21 ஆனால் கல்லாவில் எந்தக் கருவி? வயதுச் சோதனை ஸ்கேனர்கள் ஒரு மதிப்பீடு

புகையிலை வாங்கும் வயது வரம்பு 18 ஆக இருந்தவரை, கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடலாம். 21 ஆனால் அது நடக்காது. தாடியோடு, வேலைக்குப் போகும் தோரணையில் வரும் 20 வயதுக்காரரை வெறும் கண்ணால் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் 2019 டிசம்பரில் வயது 21 ஆனது. 2024 செப்டம்பர் 30 முதல், 30 வயதுக்குக் கீழ் யார் புகையிலை கேட்டாலும் படமுள்ள அடையாள அட்டையைப் பார்த்தே தீர வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. சிங்கப்பூர் 2019, 2020, 2021 என்று ஆண்டுக்கு ஒரு வயதாகக் கூட்டி 21க்கு வந்தது. விதி நகர நகர, கருவி விற்பவர்களுக்கு நல்ல காலம்தான்.

முதலில் தனியாக நிற்கும் கையடக்க ஸ்கேனர். அமெரிக்க, கனடா ஓட்டுநர் உரிமங்களின் பின்பக்கம் இருப்பது பி.டி.எஃப்.417 என்ற அடுக்குப் பார்கோடு. சோப்பு, பிஸ்கட் உறைகளைப் படிக்கும் சாதாரண ஒற்றைக் கோடு லேசர் ஸ்கேனர் இதைப் படிக்காது. படம் எடுத்துப் படிக்கும் இருபரிமாண ஸ்கேனர் வேண்டும். படிப்பதில் பெரும்பாலும் குறை இருக்காது. பர்ஸின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தே நீட்டினால் ஒளி தெறித்துப் படிக்காமல் போகும். அட்டையை வெளியே எடுத்து லேசாகச் சாய்த்தால் சரியாகிவிடும். விளிம்பு தேய்ந்த அட்டை எப்படிச் சாய்த்தாலும் தொல்லைதான்.

இந்த வகையில் விளம்பரம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பச்சை விளக்கு எரிந்தால் பிறந்த தேதி படிக்கப்பட்டது, கணக்கு சரியாக வந்தது என்று மட்டும் பொருள். அட்டை அசல் என்று பொருளில்லை. பாஸ்போர்ட்டும் அப்படியே. அடியில் உள்ள இரண்டு வரிகளில் பிறந்த தேதி 050314 என்று இருந்தால், இலக்கங்களை 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கிக் கூட்டினால் 43. கடைசி இலக்கம் 3. அந்த 3 தேதிக்கு அடுத்தே அச்சாகியிருக்கும். ஸ்கேனர் தப்பாகப் படித்தால் இந்த இலக்கம் காட்டிக்கொடுக்கும். போலி அடிப்பவருக்கோ இந்தக் கணக்கு தெரியாததல்ல. அசலா என்று பார்க்க, பாஸ்போர்ட்டின் சிப்பைப் படித்து அதிலுள்ள டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதிக்கும் கருவி வேண்டும். சிகரெட் கல்லாவுக்கு அது ஆடம்பரம். படத்தையும் முகத்தையும் ஒப்பிடும் வேலையை ஊழியரே செய்துவிடலாம்.

அடுத்தது பில் மென்பொருளோடு இணைந்த ஸ்கேனர். எங்கள் ஓட்டு இதற்கே. சிகரெட் பாக்கெட்டை ஸ்கேன் செய்ததும் திரை நின்றுவிடும். பிறந்த தேதி வராமல் பில் நகராது. ஆனால் பொருத்தும்போதே கெடுத்துவிடுபவர்கள் அதிகம். பெரும்பாலான ஸ்கேனர்கள் பெட்டியிலிருந்து வரும்போது கீபோர்டு போல நடிக்கும் நிலையில் இருக்கும். உரிமத்தின் பார்கோடில் பெயர், முகவரி, உரிம எண் எல்லாம் தனித்தனி வரிகளாக உண்டு. ஒவ்வொரு வரி முடிவும் பில் திரைக்கு என்டர் அடித்தது போலப் போய்ச் சேரும். விளைவு, எண்ணிக்கைக் கட்டத்தில் உரிம எண் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கேனருடன் வரும் கையேட்டில் உள்ள அமைப்புப் பார்கோடைக் காட்டி, அதைச் சீரியல் போர்ட் நிலைக்கு (கீபோர்டாக நடிக்காமல் தகவலை மென்பொருளுக்கே தனி வழியில் அனுப்பும் நிலை) மாற்றிவிட்டு, மென்பொருளில் அந்தப் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. பிறந்த தேதியை டி.பி.பி. என்ற குறியீட்டுக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். அமெரிக்க அட்டையில் மாதம், நாள், ஆண்டு. கனடா அட்டையில் ஆண்டு, மாதம், நாள். இந்த வித்தியாசம் தெரியாத மென்பொருள் கனடாக்காரர் எல்லோரையும் பிழை என்று தள்ளும்.

கணக்குப் பிழைகளும் உண்டு. மலிவான சில நிரல்கள் 21ஐ 365 ஆல் பெருக்கி நாள் எண்ணும். லீப் ஆண்டுகளின் 5 அல்லது 6 நாள் அதில் விடுபடும். பிறந்தநாளுக்கு அத்தனை நாள் முன்பே பச்சை விளக்கு எரிந்துவிடும். சட்டம் வயதைச் சொல்லாமல் தேதியைச் சொன்னால் சிக்கல் இன்னும் பெரிது. மாலத்தீவு 2025 நவம்பர் 1 முதல், 2007 ஜனவரி 1 அன்றோ பிறகோ பிறந்தவர்களுக்குப் புகையிலையை நிரந்தரமாகத் தடுத்துவிட்டது. அங்கே 'வயது 21' என்ற ஒற்றைக் கட்டம் மட்டும் உள்ள மென்பொருள் வீண். பிறந்த தேதியையே எல்லையாகப் போடும் வசதி இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வாங்குவது நல்லது. வயது உயர்த்தும் பேச்சு எல்லா இடத்திலும் 21ல் நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் சோதனை கவிழ்வது ஸ்கிப் பட்டனால். வரிசை நீண்டால் ஊழியர் 'பார்த்தாயிற்று' பட்டனைத் தட்டுவார், அல்லது எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பிறந்த தேதியை அடிப்பார், அல்லது தன் உரிமத்தையே ஸ்கேன் செய்வார். அதனால் யார், எத்தனை மணிக்கு, எத்தனை முறை தாண்டினார் என்ற பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே தேதி ஒரே ஷிப்டில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்த்தாலே கதை தெரிந்துவிடும். வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் சேமிக்கும் கருவி வேண்டாம். ஆம், இல்லை என்ற பதில் போதும். மொபைலில் வரும் டிஜிட்டல் உரிமங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 18013-5 தரத்தில் '21க்கு மேலா' என்ற ஒரே தகவலைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் திரையில் காட்டும் படத்தைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளக் கூடாது. அது ஸ்கிரீன்ஷாட்டாகவும் இருக்கலாம்.

முகத்தைப் பார்த்து வயது கணிக்கும் கேமரா மூன்றாவது வகை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2024ல் இத்தகைய ஆறு நிரல்களைச் சோதித்தது. படத்தின் தரம், பாலினம், பிறந்த பகுதி, வயது எல்லாமே முடிவை மாற்றின. பெண்களின் முகங்களில் பிழை பெரும்பாலும் கூடுதலாக இருந்தது. கணிப்பு சில ஆண்டுகள் தவறுவது சகஜம் என்பதால், 21ஐயே எல்லையாக வைப்பது வம்பை விலைக்கு வாங்குவதுதான். அட்டை கேட்க வேண்டியவரைச் சுட்டிக்காட்ட உதவும், அவ்வளவே.

21 வயதுக்காரர் வாங்கி வெளியே நிற்கும் தம்பிக்குக் கொடுப்பதை எந்தக் கருவியும் தடுக்காது. அதற்கு வயது வரம்பே ஓரளவு பதில்: 18 வயது மாணவர் அதே பள்ளியில் இருப்பார், 21 வயதுக்காரர் இருக்க மாட்டார்.

வாங்கும் முன் விற்பவரின் எதிரிலேயே நாலு சோதனை வைக்கலாம். நாளைக்கு 21 முடியும் தேதி சிவப்பு காட்ட வேண்டும்; இன்று முடியும் தேதி பச்சை; காலாவதியான அட்டை சிவப்பு; பிப்ரவரி 29ல் பிறந்தவருக்கு உள்ளூர்ச் சட்டப்படியான நாள். அமெரிக்காவில் விற்பதானால், 21க்குக் கீழானவர்களுக்குப் பல மாநிலங்கள் தரும் செங்குத்தான உரிமத்தையும் காட்டிப் பாருங்கள். அதன் சொந்தக்காரருக்கு 21 முடிந்திருந்து உரிமமும் காலாவதியாகாமல் இருந்தால் பச்சைதான் வர வேண்டும்.