மாண்டலினில் எட்டுக் கம்பிக்கு இடம் பிரிப்பது: மையத்தை அளப்பதா, இடைவெளியை அளப்பதா?

போன மழைக்காலத்தில் தன்லினில் இருந்து ஒரு தம்பி மாண்டலினைப் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு யாங்கோனுக்கு வந்தான். தன்லின் என்றால் பழைய ஆட்கள் சிரியம் என்று சொல்வார்களே, அந்த ஊர்தான். பஜனைக்கு வாசிக்கிற வாத்தியம். நட், அதாவது கழுத்தின் முனையில் கம்பிகளைப் பள்ளங்களில் தாங்கி நிற்கிற சின்னத் துண்டு, உடைந்துபோனதால் ஒரு கடையில் புதிது போட்டிருக்கிறார்கள். "அண்ணே, ஜி கம்பியக் கொஞ்சம் அழுத்தி அடிச்சாலே கரகரங்குது. ஈ கம்பியில விரல் வச்சா ஒண்ணு நிக்குது, இன்னொண்ணு வழுக்கிட்டுப் போயிடுது" என்றான்.

வெர்னியர் அளவியை வைத்துப் பார்த்தேன். வேலை சுத்தமாகவே இருந்தது. நான்கு ஜோடியிலும் ஒரு கம்பியின் மையத்தில் இருந்து அடுத்த கம்பியின் மையம்வரை 2.3 மி.மீ., ஒரு நூல் கூடப் பிசகவில்லை. செய்தவர் கவனமாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அவர் எடுத்துக்கொண்ட கணக்கு மாண்டலினுக்குப் பொருந்தாத கணக்கு.

மாண்டலின் நட்டின் வழக்கமான அகலம் 28.6 மி.மீ. நம் கட்டைவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதற்குள் எட்டுக் கம்பிகள், ஒரே சுருதியில் இரண்டிரண்டாக நான்கு ஜோடிகள்: தடித்தது முதல் மெல்லியதுவரை ஜி, டி, ஏ, ஈ. பலரும் போடும் மீடியம் செட்டில் ஜி கம்பியின் தடிமன் 1.02 மி.மீ., டி 0.66, ஏ 0.38, ஈ 0.28. தடித்த கம்பி மெல்லியதைப்போல மூன்றரை மடங்கு. இந்த வித்தியாசத்தைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்பதில்தான் இரண்டு முறைகளும் பிரிகின்றன.

முதல் முறை மையக் கணக்கு. கம்பி தடியோ மெலிதோ, ஜோடிக்குள் மையத்துக்கு மையம் ஒரே தூரம். அந்தத் தம்பியின் வாத்தியத்தில் வெளி ஓரத்து ஜி மையத்தில் இருந்து வெளி ஓரத்து ஈ மையம்வரை 23.8 மி.மீ. இதைப் பிரிப்பது சுலபம், காகிதத்தில் கோடு போட்டு ஒட்டிவிட்டு அறுத்துக்கொண்டே போகலாம். ஆனால் 2.3-இல் கம்பியின் தடிமனைக் கழித்துப் பாருங்கள். ஜி ஜோடிக்கு நடுவில் மிஞ்சுகிற வெற்றிடம் 1.28 மி.மீ. ஈ ஜோடிக்கு நடுவில் 2.02. அதிகம் ஆடுகிற கம்பிக்குக் குறைந்த இடமும், குறைவாக ஆடுகிற கம்பிக்கு நிறைய இடமும் கிடைத்திருக்கிறது. ஜி கம்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன. ஈ கம்பிகளுக்கு நடுவில் விரல்நுனியின் சதை போய் உட்கார்ந்துகொள்கிறது. தம்பி சொன்ன இரண்டு குறையும் இந்த ஒரே கணக்கில் இருந்து வந்தவை.

இரண்டாவது முறை இடைவெளிக் கணக்கு. இதில் கம்பியை மறந்துவிட்டு, கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கிற காற்றை அளக்கிறோம். கொஞ்சம் கூட்டல் கழித்தல் வேண்டும், பயப்படும் அளவுக்கு இல்லை. வெளி ஓரம் முதல் வெளி ஓரம்வரை 24.45 மி.மீ. எட்டுக் கம்பிகளின் தடிமனைக் கூட்டினால் 4.68. கழித்தால் 19.77. ஜோடிக்குள் இடைவெளி 1.6 என்று வைத்தால் நான்கு ஜோடிக்கு 6.4. அதையும் கழித்தால் 13.37. ஜோடிகளுக்கு நடுவில் மூன்று இடங்கள், ஆளுக்கு 4.46. முடிந்தது. இப்போது ஜி ஜோடி மையத்துக்கு மையம் 2.62-க்கு விரிகிறது, ஈ ஜோடி 1.88-க்குச் சுருங்குகிறது. விரல் ஈ ஜோடியை ஒரே கம்பியாக உணரும். ஜி ஜோடிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும்.

என் தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நட்டில் இடைவெளிக் கணக்குதான். விரல் தொடுவது கம்பியின் மையத்தை அல்ல, ஓரத்தை. கம்பிகள் இடித்துக்கொள்வதும் ஓரத்தில்தான்.

இந்த முறை கஷ்டம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வழி. ஹார்டுவேர் கடையில் 1/16 அங்குல டிரில் பிட் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் வழுவழுப்பான அடிப்பகுதி 1.59 மி.மீ. ஜோடியின் முதல் கம்பியை அதன் பள்ளத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் டிரில் பிட்டைச் சாய்த்து, அதை ஒட்டி இரண்டாவது கம்பியை வையுங்கள். மூன்றும் உரசிக்கொண்டு நிற்கும்போது அந்த இடத்தில் கூர்மையான பென்சிலால் ஒரு புள்ளி. அளவுகோல் பார்க்கவே வேண்டாம். மின்சாரம் போய் டார்ச் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாலும் விரலுக்குத் தெரியும்.

அப்புறம் மூன்றாவதாகக் கண் மதிப்பு. எனக்கு இந்த வேலையைக் காட்டித்தந்த பர்மியச் சயா, அதாவது ஆசான், அப்படித்தான் செய்வார். பர்மியப் பாட்டிலும் மாண்டலினுக்கு இடம் உண்டு, அவர் கைக்கு அந்த வாத்தியங்கள்தான் நிறைய வரும். இரண்டு ஓரக் கம்பிகளுக்கு மட்டும் பள்ளம் வெட்டுவார். மற்ற ஆறையும் பள்ளம் வெட்டாத எலும்பு நட்டின் மேல் லேசாக முறுக்கி நிறுத்தி, தீக்குச்சியால் இப்படி அப்படித் தள்ளுவார். ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி தள்ளுவார். மனசுக்குச் சரி என்று பட்டால்தான் அரம். ஒருமுறை அவர் வெட்டிய நட்டை அவர் அறியாமல் அளந்தேன். கிட்டத்தட்ட இடைவெளிக் கணக்கே வந்தது! கண் பார்ப்பது நடுக்கோட்டை அல்ல, வெளிச்சம் தெரிகிற இடுக்கை. ஆனால் அந்தக் கண் வர அவருக்கு ஓர் ஆயுள் ஆகியிருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் டிரில் பிட்டை நம்பலாம்.

எந்த முறையானாலும் கெடுப்பது அரம்தான். புள்ளியைச் சரியாக வைத்துவிட்டு, அறுக்கும்போது அரம் ஒரு பக்கம் நழுவும். அதனால் முதலில் மெல்லிய ரம்பத்தால் ஒரு கீறல் மட்டும் போட்டு, கம்பியை வைத்துப் பார்த்து, பிறகு ஆழப்படுத்துங்கள். 0.2 மி.மீ. வரை பிசகினால் அரத்தைச் சாய்த்துப் பிடித்துச் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் எலும்புத் தூளும் சூப்பர் குளூவும் வைத்து அடைத்துவிட்டுத் திரும்ப வெட்ட வேண்டும். தடித்த கம்பி பாதி தடிமன் அளவுக்குப் பள்ளத்தில் இறங்கினால் போதும். சுருதி ஏற்றும்போது "டிக்" என்று சத்தம் வந்தால் பள்ளம் கம்பியைக் கவ்வுகிறது என்று அர்த்தம். பென்சில் தூள் தடவுங்கள், கேட்காவிட்டால் ஒரு மயிரிழை அகலப்படுத்துங்கள்.

ஓரம் விடுவதிலும் ஒரு பேதம் உண்டு. 28.6-இல் 24.45 போனால் மிச்சம் 4.15 மி.மீ. இதை இரண்டு பக்கமும் சமமாகப் பிரிப்பதுதான் பலர் வழக்கம். நான் ஈ பக்கம் 2.4, ஜி பக்கம் 1.75 விடுகிறேன். ஃப்ரெட்டின், அதாவது விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டையின், முனை சரிவாக ராவப்பட்டிருக்கும். மெல்லிய ஈ கம்பியைக் கொஞ்சம் கீழே இழுத்தால் அந்தச் சரிவில் இறங்கிவிடும். ஜி பக்கம் அந்தத் தொல்லை குறைவு. பார்க்க லேசாகக் கோணலாகத் தெரியும், கைக்குத் தெரியாது.

கம்பிகளை மறுபக்கம் உடலின் மேல் தாங்குகிற பிரிட்ஜுக்கு வந்தால் கதை வேறு. அங்கே மையக் கணக்கையே நான் ஏற்றுக்கொள்கிறேன். ஓரத்துக்கு ஓரம் 41 மி.மீ. அளவுக்கு இடம் இருக்கிறது, ஜோடிக்குள் மையத்துக்கு மையம் 3 மி.மீ. வைத்தால் ஜி ஜோடிக்குக் கூட 2 மி.மீ. வெற்றிடம் கிடைக்கும். விரல் அழுத்துகிற இடமும் இல்லை, கம்பி அங்கே ஆடுவதும் இல்லை. கரகரப்பு விரல் வைக்காத திறந்த கம்பியில்தான் அதிகம் கேட்கும். அதை நட்டில்தான் தீர்க்க வேண்டும், பிரிட்ஜில் எவ்வளவு மெனக்கெட்டாலும் முழுசாகத் தீராது.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவர்கள் இந்த இடத்தில் "ஜோடியே எதற்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1969-இல் பாலகொல்லுவில் பிறந்து 2014-இல் சென்னையில் மறைந்த யு. ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினில்தான் அந்தக் கமகங்களைக் கொண்டுவந்தார். இரண்டு கம்பியைச் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே அளவு ஏறாது, சுருதி பிளக்கும். ஒற்றைக் கம்பியில் அந்தப் பிரச்சினையே இல்லை, ஓரம் மட்டும் தாராளமாக விட்டால் போதும். ஆலாபனை வாசிக்கிற ஆசை இருந்தால் யோசிக்காமல் அந்தப் பக்கம் போங்கள். ஆனால் பஜனையில் ஹார்மோனியத்துக்கும் டோலக்குக்கும் நடுவில் மைக் இல்லாமல் காதுக்கு எட்டுவது ஜோடிக் கம்பியின் கிணுகிணுப்புதான். அதை இழக்க எனக்கு மனசில்லை.

நட்டின் பொருளைப் பற்றி நீட்ட மாட்டேன். மாட்டெலும்புதான் நல்லது. கோவில் வாத்தியத்துக்கு வேண்டாம் என்று தயங்குகிறவர்களுக்குக் கருங்காலியில் செய்து தருகிறேன். எஃகுக் கம்பி மரத்தைச் சீக்கிரம் தின்றுவிடும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

தம்பியின் நட்டைக் கழற்றிவிட்டு எலும்பில் புதிதாக வெட்டினேன். ஜி கம்பியைத் தன்னால் முடிந்த மட்டும் ஓங்கி அடித்தான், கரகரப்பு இல்லை. ஈ ஜோடியில் விரலை வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தான். "இன்னும் கொஞ்சம் நெருக்கலாமாண்ணே?" என்றான். இரண்டு வாரம் வாசித்துவிட்டு வந்து சொல்லச் சொன்னேன். பழகாத கை முதல் நாள் சொல்வதைக் கேட்டு 1.6-ஐ 1.3 ஆக்கினால், அடுத்த மாதம் ஈ கம்பிகளும் இடிக்கத் தொடங்கலாம். பிரிட்ஜ் ஒட்டாமல் வெறும் கம்பியின் அழுத்தத்தில் நிற்பது. அதனால் அதன் இரண்டு காலோரமும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக் கொடுத்தேன். பாலத்தைத் தாண்டித் தன்லின் போகிற பஸ்ஸில் நசுங்கி நகர்ந்துவிட்டால் அந்தக் கோட்டுக்கே திரும்பத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.