பி.கே.யு. குழந்தைகளுக்கான புரதப் பொடி: மூன்று வகைகளைப் பற்றி ஒரு மதிப்பீடு

பீனைல்கீட்டோனூரியா, சுருக்கமாக பி.கே.யு., உள்ள குழந்தைகளுக்கான பீனைல்அலனின் நீக்கிய புரதப் பொடியைச் சாதாரண சத்துபானங்களோடு சேர்த்து மதிப்பிட முடியாது. பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம் என்ற வழி இதில் இல்லை. பால், பருப்பு, முட்டை, இறைச்சி அனைத்தும் விலக்கப்பட்ட குழந்தைக்கு வேண்டிய புரதத்தில் பெரும்பங்கு இதன் வழியாகவே கிடைக்கிறது. ஆகவே நாள்தோறும் மூன்று வேளையும், காய்ச்சல் நாளிலும் பயணத்திலும்கூட, ஒரு வாய் மிச்சமில்லாமல் குடிக்க வைக்க முடிகிறதா என்பதுதான் இதற்குப் பொருத்தமான அளவுகோல். அதை வைத்தே, எங்கள் மகள் இதுவரை குடித்துப் பழகிய மூன்று வகைகளைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். வகைக்கு வகை இருக்கும் வேறுபாடுதான் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது.

இந்த நோயின் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பி.ஏ.எச். மரபணு வந்து சேர்ந்தால், புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில் ஒன்றான பீனைல்அலனினை டைரோசின் என்ற மற்றொன்றாக மாற்றும் கல்லீரல் நொதி போதிய அளவு வேலை செய்யாது. அதனால் ரத்தத்தில் தேங்கும் பீனைல்அலனின் வளரும் மூளையைப் பாதிக்கும். உணவில் இருக்கும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் ஏறத்தாழ 50 மில்லிகிராம் பீனைல்அலனின் உண்டு என்பதால் புரத உணவுகளைக் குறைத்தே ஆக வேண்டும், ஆனால் புரதமில்லாமல் எந்தக் குழந்தையும் வளராது. அந்த இடைவெளியை நிரப்பவே மற்ற அமினோ அமிலங்களும், கூடுதல் டைரோசினும், வைட்டமின்களும் தாதுக்களும் கலந்த இந்தப் பொடி. 12 வயதுக்குட்பட்டவர்களின் ரத்தத்தில் பீனைல்அலனின் அளவை லிட்டருக்கு 120 முதல் 360 மைக்ரோமோலுக்குள் வைத்திருப்பது இலக்கு. அட்டையில் உலரவைத்து அனுப்பும் ரத்தத் துளிகளுக்கு ஆய்வகம் தரும் எண்ணைப் பார்க்காமல் எந்தப் பொடியையும் நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்வதில் பொருளில்லை.

நார்வேயில் ஆஸ்பியோர்ன் ஃபோலிங் 1934-ஆம் ஆண்டு இந்த நோயை இனங்கண்டார். 1950-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஹோர்ஸ்ட் பிக்கலும் உடன் பணியாற்றியவர்களும் பால் புரதத்தைச் சிதைத்து, அதிலிருந்த பீனைல்அலனினைக் கரியைக் கொண்டு நீக்கி, முதல் சிகிச்சை உணவைத் தயாரித்தார்கள். இரண்டுக்கும் பின்னால், பதில் கிடைக்கும்வரை மருத்துவர்களை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த தாய்மார்கள் இருந்தார்கள் என்பதை இந்த டப்பாக்களில் யாரும் அச்சிடுவதில்லை.

முதல் வகை, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அமினோ அமிலப் பொடி. டப்பாவைத் திறந்த உடனே கந்தகம் கலந்த ஒரு வாடை எழும். நாவில் வைத்தால் கசப்பும் புளிப்பும் சேர்ந்து அடிநாக்கில் நெடுநேரம் நிற்கும். ஆனால் பெரியவர்கள் முகம் சுளிப்பதை இதற்கு அளவாகக் கொள்ளக் கூடாது, ஏனென்றால் பிறந்த சில வாரங்களிலேயே இதற்குப் பழகிய குழந்தைக்கு இதுதான் இயல்பான சுவை; எங்கள் மகள் சுவையூட்டாத பொடியைக் குடித்துவிட்டு, பழச்சுவை சேர்த்த பொடியைத்தான் தள்ளிவிட்டாள். கரைப்பதில் ஒரு முறை இருக்கிறது. குவளையில் முதலில் குளிர்ந்த நீரை ஊற்றி, அதன்மேல் பொடியைப் போட்டுக் குலுக்கினால் கட்டி குறைவாக விழும். பொடியை முதலில் போட்டால் அடியில் களியாக ஒட்டிக்கொள்ளும். எப்படிக் குலுக்கினாலும் குவளையின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு தங்கத்தான் செய்கிறது. அதுவும் அந்த வேளைக்குரிய அளவில் சேர்ந்ததுதான் என்பதால் கொஞ்சம் நீர் விட்டுக் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். டப்பாவோடு வரும் கரண்டியை நம்ப வேண்டாம் என்பேன். பொடி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஒரு கரண்டியின் எடை மாறுகிறது. சிறிய மின்னணுத் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது.

இந்த வகையின் பெரிய நன்மை, குழந்தையின் எடை கூடக் கூட, உணவியல் நிபுணர் சொல்லும் அளவுக்குக் கிராம் கணக்கில் ஏற்றவும் இறக்கவும் முடிவது. குறை, நீரைக் குறைத்துக் கெட்டியாகக் கரைத்தால் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும் என்பது. தனி அமினோ அமிலங்கள் விரைவாக உறிஞ்சப்படுவதால் ஒரே வேளையில் முழு அளவையும் கொடுத்து முடித்துவிடவும் முடியாது. நாள் முழுவதும் பிரித்து, அனுமதிக்கப்பட்ட உணவோடு கொடுத்தால்தான் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்துகிறது.

இரண்டாவது, திறந்து அப்படியே குடிக்கும் திரவப் பை. பள்ளி நாட்களுக்கு இதற்கு இணையில்லை. ஆசிரியர் எதையும் அளக்கவோ கலக்கவோ வேண்டாம், மூடியைத் திருகிக் கொடுத்தால் போதும். வாடை வெளியே வராததால் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளின் கேள்வியும் குறைந்தது. ஆனால் அளவு நிலையானது. கால் பை, அரைப் பை என்று கொடுக்கத் தொடங்கினால் மிச்சத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கணக்கெழுதும் வேலை வந்து சேர்கிறது.

மூன்றாவது, பாலாடைக்கட்டி தயாரிப்பில் பிரியும் தெளிந்த நீரிலிருந்து எடுக்கும் கிளைக்கோமேக்ரோபெப்டைடு வகை, அதாவது ஜி.எம்.பி. சுவையில் இதுவே முதலிடம். பால்கலந்த பானம் போலவே இருக்கிறது. ஆனால் இது பீனைல்அலனின் அறவே இல்லாதது அன்று. தூய நிலையில் அந்தப் பெப்டைடில் பீனைல்அலனின் கிடையாது என்றாலும், பிரித்தெடுக்கும்போது சிறிதளவு கலந்தே வருகிறது. அதை அன்றைய கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதை நிபுணர்தான் சொல்ல வேண்டும். உணவில் சிறிதளவு பீனைல்அலனினை மட்டுமே தாங்கும் குழந்தைக்கு இந்தச் சிறிதளவும் பெரிதுதான். எங்களுக்கு ரத்த அளவு கொஞ்சம் மேலேறியதால், இந்த வகையை ஒரு வேளையோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்று வகைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: லேபிள். பையின் முகப்பில் பெரிதாக இருப்பது பொடியின் எடை. நமக்கு வேண்டிய புரத ஈட்டு அளவோ, அதாவது அந்தப் பொடி எத்தனை கிராம் புரதத்துக்கு ஈடு என்பதோ, பின்பக்கத்துச் சிறு எழுத்தில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் குழந்தைக்குப் பாதிப் புரதம்கூடக் கிடைக்காமல் போகலாம். விநியோகமும் சீராக இல்லை; எங்களுக்கு அனுப்பிவந்தவர்கள் ஒரு முறை முன்னறிவிப்பின்றி வேறு சுவையை மாற்றி அனுப்பியதில் அந்தப் பெட்டி முழுவதும் வீணானது. அதன்பிறகு ஒரு மாத இருப்பு எப்போதும் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். காய்ச்சல் நேரத்தில் உடல் தன் தசையையே சிதைத்துப் பீனைல்அலனினை ஏற்றிவிடும். பொடி மிக அவசியமாகும் அந்த நாட்களில்தான் இருப்பு தீர்ந்துபோகக் கூடாது.

பி.கே.யு. இல்லாத உடன்பிறப்புக்கு, மிச்சம் வீணாகிறதே என்று இதைத் தவறியும் ஊட்ட வேண்டாம். பீனைல்அலனின் இன்றியமையாத அமினோ அமிலம், பி.கே.யு. குழந்தைக்கேகூட அளந்து ஒரு பங்கு வேண்டும், கைக்குழந்தையானால் அந்தப் பங்கைத் தாய்ப்பாலிலிருந்தே கொடுக்கவும் முடிகிறது. அந்தக் கல்லீரல் நொதியைத் தூண்டும் சாப்ரோப்டெரின் மருந்துக்குப் பலன் காட்டும் குழந்தைகளுக்குப் பொடியின் தேவை குறையலாம் என்பதால், மருந்து பலனளிக்கிறதா என்ற சோதனை முடியும்வரை பெட்டிக் கணக்கில் வாங்கிக் குவிக்காமல் இருப்பது நல்லது.

எங்கள் தேர்வு: வீட்டில் காலையும் இரவும் அமினோ அமிலப் பொடி, பள்ளிக்குத் திரவப் பை, விடுமுறை நாளில் மதியம் மட்டும் ஜி.எம்.பி. வகை. ஒரு வகையிலிருந்து வேறு வகைக்கு மாற்ற நினைப்பவர்கள் சிறிய பொதியில் தொடங்கி, ஒரு வேளையை மட்டும் மாற்றி, அடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகு மற்ற வேளைகளைப் பற்றி நிபுணரிடம் கேளுங்கள்.